கூடக்குறைய மூன்று நிமிடம்

"மணி என்னக்கா?" என்று கேட்டால் முதலில் தலை ஒரு பக்கமாகச் சாயும். ரதவீதி முக்கில் யாரோ தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது போலவும் அதைத் தான் மட்டும் கேட்பது போலவும். பிறகு பதில் வரும்.

"பத்தே கால். கூடக்குறைய அரை நிமிஷம்."

கூடக்குறைய என்று நாம் எல்லோரும்தான் சொல்கிறோம். தெரியாததை மூடி வைக்க அது ஒரு நல்ல துணி. அக்கா அந்தத் துணியையும் அளந்து கொடுப்பாள். அரை நிமிஷம், ரெண்டு விரக்கடை, கால் கரண்டி. தனக்குத் தெரியாதது எவ்வளவு என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரியாதது தெரிந்திருப்பது எப்படி? எத்தனையோ வருஷமாக இதை யோசித்து, யோசித்த இடத்திலேயே வந்து நிற்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில் எங்கள் சங்கரன்கோவில் வீட்டு மாடியில் குடியிருந்தாள். ஒரு ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொஞ்சம் முந்தி வந்தாள். அடுத்த தபசுக்குப் புதுப்பெண்ணாக நான் பிறந்தவீட்டுக்கு வந்தபோது மாடியறை காலியாக இருந்தது. மொட்டைமாடியில் நாலு போல்ட்டுகள் மட்டும் துருப்பிடிக்கத் தொடங்கியிருந்தன.

அந்தப் போல்ட்டுகளில்தான் அவளுடைய குடை நின்றது. குடை என்றால் மல்லாந்த குடை. ஒரு ஆள் படுத்துப் புரளலாம், அவ்வளவு அகலம். கோழிக்கூட்டுக்கு அடிக்கிற மாதிரிக் கம்பிவலை. ஏதோ ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. டில்லியில் ஒரு கடிகாரம் இருக்கிறதாம். அதன் ஒவ்வொரு துடிப்பையும் வானத்தில் இருக்கிற செயற்கைக்கோளுக்கு ஏற்றிவிடுவார்களாம். டிவிக்கும் டெலிபோனுக்கும் விட்ட அதே செயற்கைக்கோள்தான். அது வாங்கி, தேசம் முழுக்கத் திருப்பி ஊற்றுமாம். தெற்குக் கடைசியில் ஊற்றுகிறபோது துடிப்பு சிந்தாமல் வருகிறதா என்று பார்ப்பது அக்காவின் வேலை. ஏன் எங்கள் ஊர், ஏன் எங்கள் மாடி என்று அப்பா கேட்டதற்கு, "யாரோ மேப்ல விரலை வச்சிருக்காங்க அண்ணாச்சி, அது இங்கன வந்து விழுந்திட்டு" என்றாள்.

அப்பா அவளுக்கு அண்ணாச்சி. அவள் எனக்கு அக்கா. முறைப்படி பார்த்தால் நான் அவளை அத்தை என்றுதான் கூப்பிட வேண்டும். அவள் வந்த நாளிலிருந்து எதுவுமே முறைப்படி இல்லை.

மாடியறையில் ஒரு பெட்டி. நொடிக்கு ஒரு முறை அதிலிருந்து 'பிப்' என்று ஒரு சத்தம். நான் முதன்முதலில் அதைக் கேட்டபோது, "இப்பதான் டில்லில அடிக்குதாக்கா?" என்றேன்.

"இல்ல பிள்ளே. இது பழசு. மேல ஏறிக் கீழ இறங்க ஏறக்குறைய கால் நொடி ஆவுது. நீ கேக்கும்போது அங்கன முடிஞ்சு போயிட்டு."

"அப்ப அந்தக் கால் நொடியைக் கழிச்சிட்டா சரியாப் போச்சு."

"செயற்கைக்கோள் என்ன, ஆணி அடிச்சா நிக்கிது? கட்டிப்போட்ட மாடு மாதிரி அங்கனக்குள்ளேயே அசையும். ஒரு நேரம் கிட்ட, ஒரு நேரம் எட்ட. மாடு இப்ப எங்கன நிக்கிதுன்னு தெரிஞ்சாத்தான் எவ்வளவு கழிக்கணும்னு தெரியும். அந்தச் சேதியும் துடிப்போட சேந்து வரும்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். பருத்தி வெடித்த மாதிரி நாலைந்து மேகம். மாடு எதுவும் தெரியவில்லை.

ஊருக்கும் எதுவும் தெரியவில்லை. தெரியாமலே நம்பியது. தபசு பார்க்க வந்த சொந்தக்காரர்களில் பாதிப்பேர் எங்கள் மாடியையும் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு சித்தி குடைக்குள் சில்லறை போட்டாள். வலை வழியாக அது அவள் காலிலேயே விழுந்தது. அம்மாவுக்கு மட்டும் அந்த வலை வேறு விதமாகக் கண்ணில் பட்டிருக்கிறது. ஒருநாள் காலையிலிருந்து பெட்டி ஊமையாகிவிட்டது. அக்கா கம்பியைப் பிடித்து இழுத்துப் பார்க்கிறாள், பெட்டியைத் தட்டுகிறாள், வியர்த்துக் கொட்டுகிறது. கடைசியில் மொட்டைமாடிக்கு ஓடினால், குடை நிறைய ஈர வேட்டி. வேட்டி நிறைய கூழ்வத்தல்.

"மதினீ! என்ன மதினி இது?"

"மேலயும் வெயில், கீழயும் காத்து. இப்படி ஒரு தட்டு யாரு குடுப்பா? காக்கா வந்தா உள்ள உக்கார முடியல, வழுக்குது."

"டில்லில இருந்து வாரதெல்லாம் உங்க கூழ்ல ஊறிட்டு நிக்கி."

"அதான் உப்பு கம்மியா இருக்கோ?" என்றாள் அம்மா.

அக்கா சிரித்துச் சிரித்து மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் அந்த வத்தலைப் பொரித்துத் தின்றுகொண்டே, எத்தனை மணிக்குக் காயப்போட்டீர்கள் என்று அம்மாவிடம் விசாரித்தாள்.

அவளைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: பாளையங்கோட்டைப் பக்கம், வயது முப்பத்தைந்து இருக்கும், சேலையை நடவுக்காரிகள் மாதிரி இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்பேனரோடு குடையடியில் படுத்துக் கிடப்பாள், மோர்ச்சோற்றை யாரோ பிடுங்க வருகிற மாதிரி அவசரமாகச் சாப்பிடுவாள். அம்மா ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டாள்.

"ஏம்மா, உனக்குக் கல்யாணம் ஆயிட்டா?"

தலை சாய்ந்தது.

"ஆயிட்டு மதினி. கூடக்குறைய."

எவ்வளவு என்று அதற்கு மட்டும் அவள் சொல்லவில்லை.

ஆனால் அவளுடைய உண்மையான குணம் இதெல்லாம் இல்லை. அவள் எந்தக் கடிகாரத்தையும் திருத்த மாட்டாள். அதுதான் அவள். வானத்திலிருந்து சரியான மணி இறங்குகிறது என்று கேள்விப்பட்டு ஊரே கையை நீட்டிக்கொண்டு வந்தது. பக்கத்துத் தெருவில் விசைத்தறி போட்டிருந்த பெரியவர் ஒருவர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தார். அக்கா பெட்டியடியில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"நாலு நிமிஷம் பிந்துது."

"சரி, திருப்பி வையி தாயி."

"எதுக்கு? அப்படியே இருக்கட்டும்."

"இருக்கட்டுமா? ராஜபாளையம் வண்டியைத் தெனம் விட்டுட்டு நிக்கேன்!"

"நாலு நிமிஷம் பிந்துதுன்னு இப்பத் தெரிஞ்சிட்டுல்லா, இனிமே விடமாட்டீங்க. நான் திருத்தி வச்சேன்னா நாளைக்கு எவ்வளவு தப்பும்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

பெரியவர் என் அப்பாவைப் பார்த்தார். "என்னவே அண்ணாச்சி, நல்ல ஆளைப் பிடிச்சு மாடியில வச்சிருக்கீரு" என்று சொல்லிவிட்டு, நாலு நிமிடம் பிந்திய கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு படியிறங்கினார்.

எங்கள் வீட்டில் அப்பாவின் சுவர்க்கடிகாரம் ஒன்று உண்டு. பெண்டுலம் வைத்தது. அது முந்தி ஓடும். வெள்ளிக்கிழமைதோறும் குளித்து, விபூதி பூசி, ஸ்டூல் போட்டு ஏறி, சாவி கொடுத்து, ரேடியோவில் மணி கேட்டு முள்ளைப் பின்னுக்குத் தள்ளுவார். சாமி கும்பிடுகிற மாதிரிதான். அக்கா வந்த முதல் வாரமே அதன்மேல் பிரியமாகிவிட்டாள். காலை எட்டு அடிப்பதற்கு முன் மாடியில் 'பிப்' சத்தத்தோடு ஸ்டாப்வாட்சை அமுக்கிவிட்டு இறங்கி வருவாள். கடிகாரம் எட்டு அடிக்கும்போது இன்னொரு அமுக்கு. "இன்னைக்கு இவ்வளவு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். பிறந்த பிள்ளையின் எடையைச் சொல்கிற முகம் அப்போது இருக்கும்.

இனி என் சங்கதி. நான் அந்த வீட்டில்தான், அந்தக் கடிகாரத்தின் அடியில்தான் பிறந்தேன். ஐப்பசி மாதம், ஒரு வியாழக்கிழமை, காலை ஏழு இருபது. அப்பா எழுதி வைத்த நேரம் அது. அந்த நேரத்துக்குப் போட்ட ஜாதகத்தில் செவ்வாய் எட்டில் உட்கார்ந்திருந்தது. வருகிற வரனெல்லாம் கேசரி தின்றுவிட்டு, பெண் லட்சணம் என்று சொல்லிவிட்டு, ஜாதகத்தை வாங்கிக்கொண்டு போய் அப்படியே காணாமல் போனது. செவ்வாய் தோஷம் உள்ள பெண்ணை அது இல்லாத பையனுக்குக் கட்டினால் பையனுக்கு ஆகாது.

ஜோசியர்தான் கொளுத்திப் போட்டார். "பத்து நிமிசம் வே. பத்தே நிமிசம் முந்திப் பிறந்திருந்தா லக்னம் ஒரு கட்டம் பின்னால போயிரும். செவ்வாய் ஒம்பதுக்குப் போயிட்டு. தோசமே கிடையாது."

அப்போது சிவகிரியிலிருந்து ஒரு இடம் வந்திருந்தது. நல்ல இடம். தோஷம் மட்டும் இல்லாவிட்டால் முடிந்த மாதிரி. அப்பா அன்று மாடி ஏறினார். பின்னாலேயே நானும் போனேன். குடைக்கு முன்னால் நின்று, துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"தாயி, அது மேல இருந்து பாத்துக்கிட்டேதானே இருக்கு?"

"எது அண்ணாச்சி?"

"உங்க இதுதான். எல்லா நேரமும் அதுக்குத் தெரியும்லா. எம்பிள்ளை பிறந்த நேரம் சரியா எதுன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லணும்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அக்கா சிரிக்கவில்லை.

"அது மேல போயி கொஞ்ச வருசம்தான் ஆவுது அண்ணாச்சி. பிள்ளை அதுக்கு மூத்தவ. அதுக்குத் தெரியாது." பிறகு தலையைச் சாய்த்தாள். "உங்க கடிகாரத்துக்குத் தெரியும்."

அப்பாவின் முகம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. வெள்ளிக்கு வெள்ளி திருத்தியவர் அவர். திருத்திய மறுநாளிலிருந்து அது முந்த ஆரம்பிக்கும். வியாழன் என்றால் ஆறு நாள் முந்தல். அப்படியென்றால் ஏழு இருபது என்று கடிகாரம் காட்டியபோது ஊரில் உண்மையில் ஏழு இருபது ஆகியிருக்காது. அது ஒரு நாளைக்கு எவ்வளவு முந்துகிறது என்று தெரிந்தால் போதும், நான் பிறந்த நிமிடம் கிடைத்துவிடும்.

"ஒண்ணு மட்டும் செய்யணும் அண்ணாச்சி. இனிமே நான் சொல்லுத வரைக்கும் முள்ளைத் தொடாதீங்க."

அப்பா முள்ளைத் தொடவில்லை. மாசி, பங்குனி முழுக்க எங்கள் வீட்டில் இரண்டு நேரம் நடந்தது. சுவர் மணி, மாடி மணி. கடிகாரம் ஓடிக்கொண்டே முன்னால் போனது. மத்தியானச் சோற்றை அம்மா சுவர் மணிக்கு வடித்தாள். நகராட்சிச் சங்கு ஊதுவதற்குள் நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவியிருந்தோம். "ஏட்டி, இது எந்த மணி?" என்று கேட்டுக்கேட்டு எனக்குப் பசிப்பதே எந்த மணிக்கு என்று குழம்பிவிட்டது. அப்பா வெள்ளிக்கிழமைகளில் சாவி கொடுத்துவிட்டு, முள்ளுக்குப் பக்கத்தில் போன விரலை இழுத்து மடக்கிக்கொள்வார்.

பங்குனி கடைசியில் ஒரு காலை. ஜோசியர் வந்தார். அம்மா அடுப்படி நிலையில் நின்றாள். நான் அம்மாவுக்குப் பின்னால். அக்கா ஸ்டாப்வாட்சைக் கழுத்தில் போட்டபடி இறங்கி வந்தாள்.

"நீங்க எழுதின மணி முந்தல்தான் அண்ணாச்சி. பிள்ளை அதுக்கு முன்னயே பிறந்தாச்சு."

அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். யாரை என்று தெரியவில்லை.

"பத்து நிமிஷம்" என்றாள் அக்கா. "கூடக்குறைய மூணு."

ஜோசியர் விரல் மடக்கினார். மடக்கிய விரல் நின்றது. "பத்துலதானம்மா கோடு விழுது. கூட ஒரு நிமிசம்னா தோசம் இல்ல. குறைய ஒரு நிமிசம்னா தோசம் இருக்கு. கூடவா? குறையவா?"

"தெரியாது."

"அதெப்படித் தெரியாது? ரெண்டு மாசமா மணிக்கூண்டு மாதிரி இங்கனயே நின்னியே!"

"இது கோடை. அவ பிறந்தது அடைமழை. மழைக்கு ஒரு ஓட்டம், வெயிலுக்கு ஒரு ஓட்டம். போன ஐப்பசியிலயும் அளந்தேன், ஆனா ஒரு மழை மாதிரி இன்னொரு மழை இல்ல. நடுவுல எண்ணெய் வேற போட்டிருக்கீங்க. அவ பிறந்ததுக்கு முந்தின வெள்ளிக்கிழமை ரேடியோ கேட்டுச்சா அண்ணாச்சி? இடி மழையில?"

அப்பா கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"பிள்ளை விழுந்ததும் மணியைப் பாத்தது யாரு? விழுந்ததுமா, இல்ல அழுததுக்கப்புறமா? மதினி?"

"நான் என்னத்தக் கண்டேன்? உசிரு போயி உசிரு வந்திச்சு" என்றாள் அம்மா.

ஜோசியர் செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். "சரி விடும். மூணு நிமிசம் இருக்குல்லா கைவசம்? கூடவேன்னு எழுதிப் போட்டுருதேன். கேட்டா செயற்கைக்கோள் சொல்லிச்சுன்னு சொல்லும்."

அப்பா அவரைப் பார்க்கவில்லை. அக்காவைத்தான் பார்த்தார். "தாயி, நீ சொல்லு. உன் வாயால ஒரு பக்கம் சொல்லிரு. நான் எழுதுதேன்."

ஒரு சொல்தான். கூட என்றோ குறைய என்றோ. அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன். என் கழுத்தில் தாலி ஏறுவதும் ஏறாததும் அந்த உதட்டில் இருந்தது. சுவர்க்கடிகாரம் தன் பாட்டுக்கு ஆடியது.

"சொன்னா அது நான் சொன்ன நேரமா இருக்கும் அண்ணாச்சி. பிள்ளை பிறந்த நேரமா இருக்காது."

சிவகிரி இடம் தட்டிப்போனது. அம்மா ஒரு வாரம் மாடிக்குக் குழம்பு கொடுத்து விடவில்லை. "கல்லு. மேல இருந்து வாரதக் கேட்டுக் கேட்டு மனசும் கம்பிவலை ஆயிட்டு" என்றாள். நானும் படியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனால் அவள்மேல் கோபமா, நிமிடத்தின்மேல் கோபமா, அதுவும் சரியாகப் பிடிபடவில்லை. ஒருநாள் அக்காவே பேசினாள். "என்ன பிள்ளே, பேச மாட்டியா?" நான், "மூணு நிமிஷம் கழிச்சுப் பேசுதேன்" என்றேன். அவள் தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். நிஜமாகவே மூன்று நிமிடம் காத்திருந்தாள்.

பிறகுதான் திருவேங்கடத்திலிருந்து அவர் பெண் பார்க்க வந்தார். அவருக்கும் செவ்வாய் தோஷம். தோஷத்துக்குத் தோஷம் சேர்த்துவிட்டால் இரண்டும் கழிந்துபோகும், ஒரு குறையும் இல்லை என்றார் ஜோசியர். மாடியை அண்ணாந்து பார்த்து, "அது என்ன, மழைத்தண்ணி பிடிக்கவா? அத்தனை ஓட்டையா இருக்கே?" என்று மாப்பிள்ளை கேட்டார். எனக்குப் பிடித்துவிட்டது. அன்றிரவே அம்மா பக்கத்தில் வந்து படுத்து, காதோடு கேட்டாள்.

"ஏட்டி, ஒருவேளை நீ நெசமாவே பத்து நிமிசத்துக்கு முந்திப் பிறந்திருந்தியன்னா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. முந்திப் பிறந்திருந்தால் எனக்குத் தோஷம் இல்லை. அவருக்கு இருக்கிறது. தோஷம் இல்லாத ஆளைத் தோஷம் உள்ள ஆளின் ஜாதகம் அடித்துவிடும். போகப்போவது நான். பங்குனியில் நான் ஆசைப்பட்ட பக்கம் இப்போது என்னைக் கொல்லுகிற பக்கமாகிவிட்டது. கடிகாரம் ஒன்றுதான், நிமிடமும் ஒன்றுதான். நான்தான் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வந்திருந்தேன். நம்பவில்லை என்று சொல்லிக்கொண்டேன். நம்பாமலே பயந்தேன்.

வைகாசியில் கல்யாணம். வீட்டு வாசலில் பந்தல். மணப்பெண் அலங்காரத்துக்கு மாடியறை. என் தலையில் பூ ஏற ஏற, மூலையில் பெட்டி 'பிப் பிப்' என்று அடித்துக்கொண்டிருந்தது. கீழே அப்பாவுக்கும் ஜோசியருக்கும் முகூர்த்தம் சுவர் மணிக்கா, மாடி மணிக்கா, ஜோசியரின் கைக்கடிகார மணிக்கா என்று சண்டை. மற்றவர்கள் இறங்கிய நேரம் பார்த்து, ஜடையில் குத்துக்கம்பி சொருகிக்கொண்டிருந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, ஒரு பக்கம் சொல்லுங்க. எனக்கு மட்டும். நான் எப்பப் பிறந்தேன்?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். மருதாணிக் கையைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி எழுதினதுதான் பிள்ளே. ஏழு இருபது. எறங்கு, கூப்பிடுதாங்க."

எப்பேர்ப்பட்ட இறக்கம் அது. அந்தப் படிகளில் எனக்குக் கால் இருந்ததாகவே ஞாபகம் இல்லை. ஏழு இருபது. எனக்குத் தோஷம் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது, நான் சாக மாட்டேன். சிரித்துக்கொண்டே மணையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் அவர் வியர்த்துப்போய் இருந்தார். யாரோ கெட்டிமேளம் என்று கத்தினார்கள். எந்த மணிக்குக் கத்தினார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. முதல் முடிச்சு விழுந்தது. இரண்டாவது முடிச்சு விழுந்தது. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் காதில் ஒன்று உறைத்தது.

ஏழு இருபது என்றபோது அக்கா கூடக்குறைய சொல்லவில்லை. தலையும் சாயவில்லை.

தலையைத் திருப்பக் கூடாது என்று நாத்தனார் அமுக்கினாள். கண்ணை மட்டும் திருப்பினேன். அட்சதை மழைக்கு அந்தப் பக்கம், திறந்த வாசலுக்குள், சுவர்க்கடிகாரத்துக்கு அடியில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். கடிகாரம் தன் தப்பை எல்லாம் சுமந்துகொண்டு ஆடியது. அவள் கட்டைவிரல் ஸ்டாப்வாட்சின்மேல் இருந்தது. மூன்றாவது முடிச்சு விழுந்தபோது அதை அமுக்கினாள்.